வரப்பில்லாத ஸ்டாக்: வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் நடக்கும் தனித்தனி வேலைத் தொடர்கள்) ஓடும் ப்ரோகிராமில் ஏதோ ஒரு த்ரெட்டின் ஸ்டாக் (அதன் ஃபங்ஷன்களின் லோக்கல் மாறிகளும் திரும்பும் முகவரிகளும் இருக்கும் மெமரி) நிரம்பி வழிவது. ஆகவே பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஃபங்ஷன், ஆப்ஷன் பெயர்களை ஒலிக்கிறபடியே தமிழெழுத்தில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஃபங்ஷன் பெயர்களில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடும், கம்பைலர் ஆப்ஷன்களில் சிறுகோடும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் வாசகி: எங்கள் பட்டறையில் 64 மெஷின்களிலிருந்து அளவுகளை வாங்கும் சி ப்ரோகிராம் லினக்ஸில் ஓடுகிறது. மெஷினுக்கு ஒரு த்ரெட். மெமரி மிச்சமாகட்டும் என்று, த்ரெட்டுக்கு 65,536 பைட் வீதம் ஒரே பெரிய ஸ்டாட்டிக் அரே எடுத்து, அதை 'பித்ரெட் அட்ர் செட்ஸ்டாக்' வழியாகப் பிரித்துக் கொடுத்தோம். மாதத்துக்கு இரண்டு மூன்று முறை கிராஷ் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு த்ரெட். விழுந்த த்ரெட்டின் கோடை எத்தனை முறை படித்தாலும் தவறு தெரியவில்லை. எங்கே தேடுவது?

விழுந்த த்ரெட்டில் தேடாதீர்கள், அதற்கு அடுத்ததில் தேடுங்கள். எக்ஸ்86 ஆனாலும் ஆர்ம் ஆனாலும் ஸ்டாக் மேல் முகவரியிலிருந்து கீழ்நோக்கி வளரும். உங்கள் அரேயில் 18ஆம் துண்டின் அடிப்பக்கம் 17ஆம் துண்டின் மேல்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. 18 வழிந்தால் முதல் அடி 17இன் உச்சியில் விழும். லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி அந்த உச்சியில்தான் த்ரெட்டின் சொந்த விவரக்குறிப்பையும், 'எர்னோ' (கடைசிப் பிழையின் எண்) போன்ற, த்ரெட்டுக்கு த்ரெட் தனியான த்ரெட்-லோக்கல் மாறிகளையும் வைத்திருக்கிறது. 18 தன் வேலையை முடித்துத் திரும்பி நல்லபடியாகவே ஓடும். 17 எப்போதோ பிறகு, தன் விவரத்தைத் தொடும்போது விழும். பிழை நடந்த நேரமும் தெரியாது, இடமும் தெரியாது. கோடில் தவறு தென்படாததற்கு இதுதான் காரணம். வரிசையில் முதல் துண்டு வழிந்தால் அதற்குக் கீழே பக்கத்து த்ரெட்டும் கிடையாது. ப்ரோகிராமின் வேறு ஸ்டாட்டிக் மாறிகள் இருக்கும். அப்போது கிராஷ்கூட வராமல் அளவுகள் மட்டும் தப்பாகலாம். பட்டறையில் அது இன்னும் மோசம்.

இரண்டு வயலுக்கு நடுவே வரப்பு விடுவதுபோல, த்ரெட்டின் ஸ்டாக்குக்குக் கீழே படிக்கவும் எழுதவும் முடியாத ஒரு மெமரிப் பக்கத்தை (பேஜ்) ஜிலிப்சி தானாகவே விடும். அதுதான் கார்டு பேஜ். எக்ஸ்86இல் வழக்கமாக 4,096 பைட். ஸ்டாக் அதைத் தொட்ட நொடியே ப்ராசஸ் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (அனுமதியில்லாத மெமரியைத் தொட்ட பிழை) ஆகி, குற்றம் செய்த த்ரெட்டிலேயே, குற்றம் நடந்த வரியிலேயே நிற்கும். ஆனால் 'செட்ஸ்டாக்' மூலம் மெமரியை நீங்களே கொடுத்துவிட்டால் வரப்பு போடுவதும் உங்கள் பொறுப்பு. அப்போது வரப்பின் அளவைக் கேட்கும் 'பித்ரெட் அட்ர் செட்கார்டுசைஸ்' எவ்வளவு கொடுத்தாலும் அது கண்டுகொள்ளப்படாது. பிழைச்செய்தியும் வராது.

எளிய தீர்வு: அரேயை எடுத்துவிடுங்கள். 'பித்ரெட் அட்ர் செட்ஸ்டாக்சைஸ்' மட்டும் அழைத்து 2,62,144 பைட், அதாவது 256 கேபி கொடுங்கள். 64 த்ரெட்டுக்கும் சேர்த்து 16 எம்பிதான். சொல்லப்போனால் நீங்கள் மிச்சம் பிடிக்க நினைத்த மெமரி முதலிலேயே செலவாகவில்லை. வழக்கமான 8 எம்பி ஸ்டாக் என்பது முகவரி ஒதுக்கீடு மட்டுமே. தொட்ட பக்கங்களுக்குத்தான் உண்மையான ராம் போகும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ரியல்-டைம் தேவைக்காக 'எம்லாக்ஆல்' அழைத்து, இனி வரும் மெமரியையும் ராமிலேயே பூட்டச் சொல்லியிருந்தால் ஒவ்வொரு ஸ்டாக்கும் முழுதாக ராமில் வந்து உட்காரும்; 64 × 8 = 512 எம்பி நிஜமாகவே போகும். அங்கே அளவைக் குறைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

சொந்த மெமரிதான் வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் வரப்போடு சேர்த்து எடுங்கள். ஸ்டாக்குக்கு 2,62,144, வரப்புக்கு 65,536, ஆக 3,27,680 பைட்டை 'எம்மேப்' மூலம் 'ப்ராட் நன்' (எந்த அனுமதியும் இல்லை) என்ற நிலையில் கேளுங்கள். கிடைத்த முகவரியோடு 65,536ஐக் கூட்டி, அங்கிருந்து மேலே உள்ள 2,62,144 பைட்டுக்கு மட்டும் 'எம்ப்ரொடெக்ட்' மூலம் படிக்க, எழுத அனுமதி கொடுங்கள். 'செட்ஸ்டாக்'குக்குத் தர வேண்டியது இந்தக் கூட்டிய முகவரியை. வரப்பை மேல்பக்கம் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. மெமரியைத் திருப்பிக் கொடுக்கும் 'எம்அன்மேப்' அழைப்பு த்ரெட் முடியும்வரை காத்திருக்கும் 'பித்ரெட் ஜாயின்' முடிந்த பிறகுதான் வர வேண்டும். ஒரு த்ரெட் தான் நிற்கும் ஸ்டாக்கைத் தானே விடுவிக்கக் கூடாது.

'பித்ரெட்' என்று தொடங்கும் ஃபங்ஷன்கள் பிழையை 'எர்னோ'வில் வைக்காமல் திருப்பும் மதிப்பாகவே தருகின்றன. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. எக்ஸ்86 லினக்ஸில் 16,384 பைட்டுக்குக் குறைவாக ஸ்டாக் கேட்டால் 'ஈஇன்வால்' (செல்லாத மதிப்பு) என்ற பிழை வரும். அதைக் கவனிக்காமல் போனால் த்ரெட் பழைய அளவிலேயே உருவாகும். 2018 பிப்ரவரியில் வந்த 2.27க்கு முந்தைய ஜிலிப்சியில் இன்னொரு பள்ளம்: வரப்பை நீங்கள் கேட்ட ஸ்டாக் அளவுக்குள்ளிருந்தே வெட்டி எடுக்கும். பழைய இண்டஸ்ட்ரியல் பிசிக்களில் அந்தப் பதிப்புகள் இருக்க வாய்ப்புண்டு. 256 கேபி கேட்டு 64 கேபி வரப்பும் கேட்டால் கையில் இருப்பது 192தான்.

வரப்பு உண்மையில் விழுந்ததா என்று பார்க்க, ப்ரோகிராம் ஓடும்போது 'ப்ராக்' அடைவில் அதன் ப்ராசஸ் எண்ணின் கீழுள்ள 'மேப்ஸ்' கோப்பைத் திறங்கள். ஒவ்வொரு ஸ்டாக் வரிக்கும் முந்தைய வரியில், அனுமதிக் கட்டத்தில் மூன்று சிறுகோடுகளும் 'பி' எழுத்தும் இருக்க வேண்டும். அதே இடத்திலுள்ள 'எஸ்மேப்ஸ்' கோப்பு இன்னும் பயனுள்ளது. ஸ்டாக் வரியின் கீழுள்ள 'ஆர்எஸ்எஸ்' (ராமில் இருக்கும் அளவு) எண், அந்த ஸ்டாக் இதுவரை எவ்வளவு ஆழம் தொட்டது என்பதைக் காட்டும். தொட்ட பக்கங்கள் தாமாகத் திரும்பிப் போவதில்லை. ஒரு வாரம் ஓடவிட்டு, 64இல் மிகப் பெரிய எண்ணை எடுத்து, அதை இரட்டிப்பாக்கி அளவு வையுங்கள். ஆனால் ஒன்று: முடிந்துபோன த்ரெட்டின் ஸ்டாக்கை ஜிலிப்சி எடுத்து வைத்திருந்து புதிய த்ரெட்டுக்குக் கொடுக்கும் என்பதால், அடிக்கடி த்ரெட் பிறந்து சாகும் ப்ரோகிராமில் அந்த எண்ணை ஒரு த்ரெட்டின் ஆழமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஹியூஜ் பேஜ் (2 எம்பி அளவுள்ள பெரிய பக்கம்) இயங்கும் கர்னலில், கொஞ்சமே பயன்படுத்திய பெரிய ஸ்டாக்கும் 2 எம்பி தொட்டதாகத் தோன்றலாம். உங்கள் 64 த்ரெட்களும் காலையில் தொடங்கி இரவு வரை ஓடுபவை என்றால் முதல் சிக்கல் இல்லை.

பர்கூர் பொறியியல் மாணவர்: 'எஃப் ஸ்டாக் ப்ரொடெக்டர் ஸ்ட்ராங்' போட்டுத்தான் கம்பைல் செய்கிறேன். பிறகும் கார்டு பேஜ் எதற்கு?

பெயர் ஒன்றுபோல இருப்பதால் வரும் குழப்பம். நீங்கள் போடுவது ஒரு ஃபங்ஷனுக்குள்ளே அரே தன் எல்லையைத் தாண்டி மேலே எழுதுவதைப் பிடிக்கும். திரும்பும் முகவரிக்கு முன்னால் ஒரு ரகசிய எண்ணை வைத்துவிட்டு, ஃபங்ஷன் முடியும்போது அது மாறியிருக்கிறதா என்று பார்க்கும். மாறியிருந்தால் 'ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்' என்று சொல்லி நிறுத்தும். மொத்த ஸ்டாக்கே கீழ்ப்பக்கம் தீர்ந்துபோவது அதன் கண்ணில் படாது. ஆழமான ரிகர்ஷனில் (ஃபங்ஷன் தன்னையே திரும்பத் திரும்ப அழைப்பது) ஒவ்வொரு ஃபங்ஷனும் தன் இடத்தில் ஒழுங்காகவே எழுதும், ரகசிய எண்கள் எல்லாம் அப்படியே இருக்கும், ஆனாலும் ஸ்டாக் பக்கத்து மெமரிக்குள் இறங்கியிருக்கும். இரண்டும் வேறு நோய். இரண்டுக்கும் மருந்து வேண்டும்.

உங்கள் ப்ராஜெக்ட்டில் 'எஃப் ஸ்டாக் யூசேஜ்' ஆப்ஷனையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு சி கோப்புக்கும் 'எஸ்யூ' என்று முடியும் ஒரு கோப்பு வரும். எந்த ஃபங்ஷன் எத்தனை பைட் ஸ்டாக் எடுக்கிறது என்று வரிவரியாக இருக்கும். 'டைனமிக்' என்று குறித்த வரிகளை முதலில் பாருங்கள். அளவு ஓடும்போதுதான் தெரியும் என்று பொருள்.

தருமபுரி வாசகர்: த்ரெட்டுகளுக்குக் கார்டு பேஜ் இருப்பதை 'மேப்ஸ்' கோப்பில் உறுதி செய்துவிட்டேன். அப்படியும் பக்கத்து த்ரெட்டின் தரவு கெடுகிறது. ஒரு ஃபங்ஷனில் 2,00,000 பைட் லோக்கல் பஃபர் இருக்கிறது. அதுவா காரணம்?

அதுவேதான். வரப்பு ஒரு பக்க அகலம், அதாவது 4,096 பைட். கம்பைலர் ஃபங்ஷனுக்குள் நுழையும்போது ஸ்டாக் பாயிண்டரை (ஸ்டாக் இப்போது எதுவரை இறங்கியிருக்கிறது என்ற முகவரி) ஒரே கழித்தலில் 2,00,000 பைட் கீழே இறக்கிவிடுகிறது. கழிப்பது மெமரியைத் தொடுவது ஆகாது. பிறகு பஃபரின் தொடக்கத்தில் எழுதும்போது, அதாவது மிகக் கீழே, ஒரே தாண்டலில் வரப்பைக் கடந்து அடுத்த வயலுக்குள் கால் வைத்தாகிவிடுகிறது. வரப்பை மிதிக்கவே இல்லை, ஆகவே ஃபால்ட்டும் இல்லை.

இதே தாண்டல் 2017 ஜூனில் 'ஸ்டாக் க்ளாஷ்' என்ற பெயரில் பாதுகாப்புச் செய்தியாக வெளியானது. குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதையடுத்து லினக்ஸ் கர்னல், மெயின் த்ரெட்டின் ஸ்டாக்குக்குக் கீழே விடும் இடைவெளியை 1 எம்பி ஆக்கியது. நீங்கள் உருவாக்கும் மற்ற த்ரெட்களுக்கு அது பொருந்தாது, அவற்றுக்கு இன்றும் ஒரு பக்கம்தான். மெயினில் சோதித்துப் பார்த்து 'சரியாகப் பிடிக்கிறது' என்று நம்பிவிடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

செய்ய வேண்டியது முதலில், அந்தப் பஃபரை ஸ்டாக்கிலிருந்து வெளியே எடுப்பது. த்ரெட் தொடங்கும்போது ஒருமுறை 'மாலக்' ஃபங்ஷனிடம் மெமரி கேட்டு வாங்கி அதையே கடைசிவரை பயன்படுத்துங்கள். அடுத்து 'எஃப் ஸ்டாக் க்ளாஷ் ப்ரொடெக்‌ஷன்' ஆப்ஷன். ஜிசிசி கம்பைலரில் 8ஆம் பதிப்பு முதல் உண்டு, க்ளாங் கம்பைலரில் எக்ஸ்86க்கு 11 முதல். இது பெரிய இறக்கத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை தொட்டுவிட்டுக் கீழே போகும். வரப்பைத் தாண்டவே முடியாது. உபுண்டுவின் கம்பைலரில் 19.10 முதல் தானாகவே இயங்குகிறது. தனியாகத் தயாரித்த க்ராஸ் கம்பைலர்களில் (வேறு வகைச் சிப்புக்காகக் கம்பைல் செய்பவை) பெரும்பாலும் இருக்காது, நீங்களே போட வேண்டும். மூன்றாவதாக வரப்பை அகலப்படுத்துங்கள்: 'செட்கார்டுசைஸ்' 65,536. முகவரி மட்டும்தான் செலவு, ராம் செலவாகாது. மறுபடி யாரும் பெரிய பஃபரை ஸ்டாக்கில் வைக்காமலிருக்க 'டபிள்யூ ஃப்ரேம் லார்ஜர் தேன்' 4096 என்றும், 'டபிள்யூ விஎல்ஏ' (ஓடும்போது அளவு தீர்மானமாகும் லோக்கல் அரேக்கு) என்றும் எச்சரிக்கைகளைப் போட்டு, அவற்றைப் பிழையாகவே கருதும்படி கம்பைலருக்குச் சொல்லிவிடுங்கள். வெளியிலிருந்து வரும் பாக்கெட்டின் நீளத்தை வைத்து லோக்கல் அரேயின் அளவைத் தீர்மானிக்கும் கோடு எங்கேயாவது இருந்தால், வேறு எதையும் திருத்துவதற்கு முன் அதைத் திருத்துங்கள். அங்கே தாண்டலின் தூரத்தை முன்பின் தெரியாத ஒருவர் தீர்மானிக்கிறார்.

பாலக்கோடு வாசகர்: தக்காளித் தோட்டத்துச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு ஈஎஸ்பி32 போர்டில் கன்ட்ரோலர் செய்திருக்கிறேன். வால்வு, ஈரப்பத சென்சார், செய்தி அனுப்புவது என்று மூன்று டாஸ்க் (இங்கே த்ரெட்டுக்கு அதுதான் பெயர்). எஸ்டிஎம்32 சிப்பில் நன்றாக ஓடிய கோடை அப்படியே கொண்டுவந்தேன். இங்கே அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, பெரும்பாலும் எச்டிடிபிஎஸ் வழியே செய்தி அனுப்பும்போது. சிலசமயம் மோட்டார் ஓடத் தொடங்கும்போதும்.

இதில் இரண்டு வேறு பிரச்சினைகள் கலந்திருக்கலாம், முதலில் பிரித்துவிடுவோம். ப்ரோகிராமின் தொடக்கத்திலேயே 'ஈஎஸ்பி ரீசெட் ரீசன்' அழைத்து அந்த எண்ணை சீரியலில் அச்சிடுங்கள். 'ப்ரவுன்அவுட்' என்று வந்தால் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்ட்டேஜ் சரிகிறது. அது பவர் சப்ளை வேலை, ஸ்டாக்கைத் தொட வேண்டாம். 'பேனிக்' என்று வந்தால் தொடர்ந்து படியுங்கள்.

எஸ்டிஎம்32இலிருந்து கொண்டுவந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் துப்பு இருக்கிறது. இத்தகைய சிப்புகளில் டாஸ்க்குகளை ஓட்டும் சிறிய ஆப்பரேட்டிங் சிஸ்டமான ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் மூல வடிவில் 'எக்ஸ் டாஸ்க் கிரியேட்'டுக்குக் கொடுக்கும் ஸ்டாக் அளவு வேர்டு கணக்கு. 32 பிட் சிப்பில் ஒரு வேர்டு 4 பைட், ஆகவே 1024 என்றால் 4,096 பைட். ஈஎஸ்பி32க்கான மென்பொருள் தொகுப்பான ஈஎஸ்பி-ஐடிஎஃப் அதே எண்ணை பைட்டாக எடுத்துக்கொள்ளும். அங்கே 1024 என்றால் 1,024 பைட்டேதான். ஒரு எழுத்தும் மாறாத கோடில் ஸ்டாக் கால்வாசியாகிவிட்டது. கம்பைலர் இதற்கு எதுவும் சொல்லாது. எண்களை நான்கால் பெருக்குங்கள். எச்டிடிபிஎஸ் டாஸ்க்குக்கு அதுவும் போதாது. எச்டிடிபிஎஸ் இணைப்பு தொடங்கும்போது நடக்கும் டிஎல்எஸ் கைகுலுக்கலில் சான்றிதழ் சரிபார்க்கும் கணக்குகள் ஸ்டாக்கை நிறைய எடுக்கும். 8,192 பைட்டில் தொடங்கி அளந்து பாருங்கள். தசம எண்களை 'பிரிண்ட்எஃப்' மூலம் அச்சிடுவதும் எதிர்பார்ப்பதைவிட அதிகம் எடுக்கும். சென்சார் டாஸ்க்கில் கவனியுங்கள்.

இந்தப் போர்டில் கார்டு பேஜ் கிடையாது. அதற்குப் பதிலாக மூன்று காவல்கள் உண்டு. 'கான்ஃபிக் செக் ஃபார் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' 1 என்றால், டாஸ்க் மாறும் நேரத்தில் ஸ்டாக் பாயிண்டர் எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். நடுவில் தாண்டிவிட்டுத் திரும்பி வந்திருந்தால் தெரியாது. 2 என்றால், டாஸ்க் உருவாகும்போது ஸ்டாக் முழுவதும் ஹெக்ஸ் ஏ5 என்ற பைட்டால் நிரப்பி, கடைசி சில பைட்டுகள் மாறியிருக்கின்றனவா என்றும் பார்க்கும். இதை எப்போதும் 2இல் வையுங்கள். ஆனால் இதுவும் டாஸ்க் மாறும்போதுதான் விழிக்கும். அதற்குள் கெட வேண்டியது கெட்டிருக்கும். மூன்றாவது ஈஎஸ்பி-ஐடிஎஃப்பின் மெனுகான்ஃபிகில் இருக்கும் 'வாட்ச்பாயிண்ட் எண்ட் ஆஃப் ஸ்டாக்'. இது ஸ்டாக்கின் கடைசி 32 பைட் பகுதியின்மேல் சிப்பின் ஹார்டுவேர் வாட்ச்பாயிண்ட் ஒன்றை வைக்கும். அங்கே எழுதிய கணமே நிற்கும், குற்றவாளி டாஸ்க்கும் வரியும் பேக்ட்ரேஸில் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) வரும். ஈஎஸ்பி32இல் வாட்ச்பாயிண்ட் இரண்டுதான், ஒன்று இதற்குப் போய்விட்டால் டீபக்கருக்கு ஒன்று மிஞ்சும். அதுவும் வெறும் 32 பைட் வரப்பு. பெரிய லோக்கல் அரே இருந்தால் தருமபுரி வாசகருக்குச் சொன்ன தாண்டல் இங்கே இன்னும் சுலபம்.

அளக்க 'யூஎக்ஸ் டாஸ்க் கெட் ஸ்டாக் ஹை வாட்டர்மார்க்'. டாஸ்க் பிறந்ததிலிருந்து ஸ்டாக் அதிகபட்சம் நிரம்பிய வேளையில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று சொல்லும். இங்கே பைட்டில், மூல ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் வேர்டில். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நேரத்தில் மட்டும் அளந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ரௌட்டரை நடுவில் அணையுங்கள், தவறான சான்றிதழைக் கொடுங்கள், சென்சார் வயரைப் பிடுங்குங்கள், ஒரு பகல் ஒரு இரவு ஓடவிடுங்கள். பிழை நேரும்போது ஓடும் கோடுதான் பெரும்பாலும் ஆழமாக இறங்கும். அத்தனைக்கும் பிறகு ஸ்டாக்கில் கால்வாசிக்குக் குறையாமல் மிச்சம் இருக்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. 200 பைட் மிச்சம் இருக்கிறதே, போதும் என்று விட்டுவிட்டுத் தோட்டத்தில் மாட்டாதீர்கள்.

கிருஷ்ணகிரி வாசகர்: மாங்கூழ் ஆலைக்கான கணக்கு மென்பொருள் உபுண்டுவில் ஓடுகிறது. ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் கன்டெய்னரில் போட்டால் பெரிய கோப்பைப் படிக்கும் த்ரெட் விழுகிறது. கோடு ஒன்றுதானே?

கோடு ஒன்று, சி லைப்ரரி வேறு. ஜிலிப்சி த்ரெட் ஸ்டாக்கின் அளவை ஸ்டாக் வரம்பான 'யூலிமிட் எஸ்' எண்ணிலிருந்து எடுக்கும். பெரும்பாலான கணினிகளில் 8 எம்பி. அதை 'அன்லிமிடட்' என்று வைத்தால் பெரிதாகும் என்று நினைப்பீர்கள், எக்ஸ்86-64இல் 2 எம்பியாகக் குறையும். ஆல்பைனின் மஸல் லைப்ரரி 128 கேபி தருகிறது. மேக்கில் துணை த்ரெட்டுக்கு 512 கேபி, விண்டோஸில் 1 எம்பி, ரஸ்ட் மொழி உருவாக்கும் த்ரெட்டுக்கு 2 எம்பி. ஆகவே எந்த த்ரெட்டுக்கும் அளவைக் கோடிலேயே வெளிப்படையாக எழுதிவிடுவதுதான் முறை. மற்றவர் எழுதிய லைப்ரரி த்ரெட் உருவாக்குகிறது, கை வைக்க முடியாது என்றால் லிங்கருக்கு 'இசட் ஸ்டாக்-சைஸ்' 1048576 என்று கொடுங்கள், மஸல் அதை மதிக்கும்.

அரூர் வாசகர்: ஜாவாவில் 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எரர்' வந்தால் 'கேட்ச்' செய்து தொடரலாமா? பைத்தானில் ரிகர்ஷன் வரம்பை உயர்த்தினால் போதுமா?

ஜாவாவில் பிடிக்க முடியும். ஜாவா ப்ரோகிராமை ஓட்டும் ஜேவிஎம் தனக்கென்று வைத்திருக்கும் காவல் பகுதி அதற்கு இடம் கொடுக்கும். ஆனால் எந்த வரியில் வேலை அறுந்தது என்று சொல்ல முடியாது. பட்டியலில் பாதி சேர்த்த நிலையில் இருக்கலாம். அந்த ஒரு வேலையைக் கைவிட்டு, அது தொட்ட தரவையும் தூக்கிப்போட முடிந்தால் மட்டும் தொடருங்கள். 64 பிட் லினக்ஸில் வழக்கமான அளவு 1 எம்பி, 'எக்ஸ்எஸ்எஸ்' ஆப்ஷனில் மாற்றலாம். பைத்தானில் வழக்கமான வரம்பு 1000. அதை மட்டும் லட்சக்கணக்கில் உயர்த்தினால், குறிப்பாக 3.11க்கு முந்தைய பதிப்புகளில், நல்ல பிழைச்செய்திக்குப் பதில் செக்மென்டேஷன் ஃபால்ட் வாங்குவீர்கள். 'த்ரெடிங்' மாட்யூலின் 'ஸ்டாக் சைஸ்' மூலம், உதாரணமாக 64 எம்பி என்று வைத்துவிட்டு, அதன் பிறகு உருவாக்கும் த்ரெட்டில் அந்த ரிகர்ஷனை ஓட்டுங்கள்.

காவேரிப்பட்டணம் வாசகர்: செக்மென்டேஷன் ஃபால்ட்டின்போது வரும் 'சிக்செக்வி' சிக்னலுக்கு ஹேண்ட்லர் எழுதியிருக்கிறேன். நல் பாயிண்டர் பிழைக்குச் செய்தி அச்சாகிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் மட்டும் ஒன்றும் வராமல் ப்ராசஸ் செத்துப்போகிறது. ஏன்?

ஹேண்ட்லரும் ஒரு ஃபங்ஷன், அது ஓட ஸ்டாக் வேண்டும். தீர்ந்துபோன ஸ்டாக்கில் அதற்கு இடமில்லை என்பதால் கர்னல் ப்ராசஸை அங்கேயே முடித்துவிடுகிறது. 'சிக்ஆல்ட்ஸ்டாக்' மூலம் மாற்று ஸ்டாக் ஒன்றைக் கொடுத்து, ஹேண்ட்லரைப் பதியும்போது 'எஸ்ஏ ஆன்ஸ்டாக்' கொடியையும் போடுங்கள். மாற்று ஸ்டாக் த்ரெட்டுக்கு த்ரெட் தனி. மெயினில் வைத்தது புதிய த்ரெட்டுக்கு வராது, ஒவ்வொரு த்ரெட்டின் முதல் வரியிலும் வைக்க வேண்டும். அளவு 64 கேபி வையுங்கள். பழைய புத்தகங்களில் உள்ள 2,048, ஏவிஎக்ஸ்-512 உள்ள ப்ராசசர்களில் ரெஜிஸ்டர்களைச் சேமிக்கவே போதாது.

ஹேண்ட்லருக்குள் 'பிரிண்ட்எஃப்', 'மாலக்' கூடாது. விழுந்த த்ரெட் அந்த நேரத்தில் மாலக்கின் பூட்டைக் கையில் வைத்திருந்தால் ஹேண்ட்லர் அங்கேயே உறைந்துவிடும். 'ரைட்' மட்டும் பயன்படுத்துங்கள். ஃபால்ட் ஆன முகவரியை 'எஸ்ஐ அட்ர்' தரும்; அதை, த்ரெட் தொடங்கும்போதே குறித்துவைத்த வரப்பின் எல்லைகளோடு ஒப்பிட்டால் இது ஓவர்ஃப்ளோவா வேறு பிழையா என்று பிரித்துச் சொல்லலாம். சொன்னதும் சிக்னலை 'சிக் டிஃப்எல்' என்ற வழக்கமான நிலைக்கு மாற்றிவிட்டுத் திரும்புங்கள். அதே கட்டளை மறுபடி ஃபால்ட் ஆகி, கோர் டம்ப் (விழுந்த நேரத்து மெமரியின் பதிவு) இயக்கத்தில் இருந்தால் முழு டம்ப் எழுதப்படும். ஜிடிபி டீபக்கரில் அதைத் திறந்து 'பிடி -20' என்று கேளுங்கள்: எல்லாவற்றுக்கும் முதலில் அழைக்கப்பட்ட 20 ஃப்ரேம்கள் (ஒரு ஃபங்ஷன் அழைப்புக்கு ஒன்று) வரும், ரிகர்ஷனை யார் தொடங்கினார்கள் என்பது அங்கேதான் இருக்கும்.